ஞாயிறு போக மிச்ச ஆறு நாள்

காரைக்குடியில் எனக்கு முப்பது வருடப் பழக்கமுள்ள நண்பர் ஒருவர், நகரத்தார் வீட்டுப் பிள்ளை. போன வாரம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டார்: "எங்க நகரக் கோவில்ல குருக்கள் பூசை பண்றார், காரியக்காரர் கணக்குப் பார்க்கிறார். உங்க பாஸ்டர் இதுல யாரு? ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் பேசுறார், மிச்ச ஆறு நாள் என்னதான் பண்ணுவார்? எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு வேலையை விட்டுட்டு பாஸ்டருக்குப் படிக்கப் போகுதாம். அது என்ன வேலைன்னே தெரியாம நான் என்னத்தைச் சொல்லி வாழ்த்துறது?"

நியாயமான கேள்வி. டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். நான் போதகர் வீட்டில் பிறந்து வளர்ந்தவன். பிற்பாடு எங்கள் சபைக் கமிட்டியில் பொருளாளராகப் பதினோரு வருடம் குப்பை கொட்டியவன். அந்த வேலையை முன்வாசலில் நின்றும் பார்த்திருக்கிறேன், அடுக்களையில் இருந்தும் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால் பாஸ்டர் வேலை இரண்டே சொல்: நடை, நோட்டு. பிரசங்கம் வாசலில் தெரிகிற மாவிலைத் தோரணம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பெந்தெகொஸ்தே சபைகளிலும், எந்தப் பெரிய திருச்சபையிலும் சேராத சுயாதீன சபைகளிலும்தான் 'பாஸ்டர்'. கத்தோலிக்கர்களுக்கு அவர் 'சாமி' அல்லது 'ஃபாதர்', எழுத்தில் பங்குத்தந்தை. தென்னிந்தியத் திருச்சபையில் போதகர், குருவானவர், ஆயர் என்று ஊருக்கு ஊர் மாறும். அதிலும் ஒரு கூத்து உண்டு. கத்தோலிக்கர்களுக்கு ஆயர் என்றால் பிஷப், பேராயர் என்றால் ஆர்ச்பிஷப். தென்னிந்தியத் திருச்சபைக்காரர்களான எங்களுக்கோ ஆயர் என்றால் உள்ளூர்ச் சபையைக் கவனிக்கிறவர், பேராயர்தான் பிஷப். திருநெல்வேலிக்காரர்கள் போதகரை 'ஐயர்' என்பார்கள். அந்தப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த பேங்க் கிளார்க் குடும்பம் ஒன்று எங்கள் தெருவில் குடியிருந்தது. "இன்னைக்கு ஐயர் சாப்பிட வாறாங்க, கோழி அடிச்சு வைக்கணும்" என்று அந்த அம்மா சொன்னதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு ஆச்சி திகைத்துப் போனது இன்னமும் எங்கள் வீட்டுச் சிரிப்பு.

பாஸ்டர் என்கிற லத்தீன் சொல்லுக்கு மேய்ப்பன் என்று பொருள். இதற்கு உதாரணம் தேடி நாம் பாலஸ்தீனம் வரைக்கும் போக வேண்டாம். அறுப்பு முடிந்த வயலில் கிடை போடுகிற கீதாரியைப் பார்த்திருப்பீர்கள். கிடையில் நிற்கிற ஆடெல்லாம் அவருடையது அல்ல. பல பேர் ஆடு கலந்து நிற்கும். எது யார் ஆடு, எது சினை, எது இரண்டு நாளாக மேயவில்லை என்று அவருக்குத் தெரியும். ராத்திரி நரி வந்தால் எழுந்திருக்க வேண்டியவரும் அவர்தான். பைபிளில் பேதுருவின் முதல் நிருபம் (கடிதம்) 5-ம் அதிகாரம் சபை மூப்பர்களுக்குச் சொல்வதும் ஏறக்குறைய இதுதான்: மந்தை கடவுளுடையது, காசுக்காக மேய்க்காதே, அதிகாரம் பண்ணாதே. எசேக்கியேல் 34-ம் அதிகாரம் இன்னும் காட்டம். ஆட்டை விட்டுவிட்டுத் தங்களையே மேய்த்துக்கொள்கிற மேய்ப்பர்களை அது வெளுத்து வாங்கும். எங்கள் சபைகளில் அந்த அதிகாரத்தைப் பிரசங்கத்துக்கு எடுப்பவர்கள் குறைவு. ஏன் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது உங்கள் குருக்கள், காரியக்காரர் ஒப்பீட்டுக்கு வருகிறேன். குருக்களின் வேலை சன்னிதியில். பக்தர் வருகிறாரா இல்லையா என்பதற்காகக் காலசந்தி நிற்காது. பாஸ்டர் வேலை அப்படி இல்லை, ஆள் இல்லாமல் அவருக்கு வேலையே இல்லை. அவர் செய்கிற சடங்குகள் ஒருவர் வாழ்க்கையின் திருப்பங்களில்தான் நிற்கும்: குழந்தைக்கு ஞானஸ்நானம், வளர்ந்த பிள்ளைக்குத் திடப்படுத்தலுக்கான வகுப்பு, திருமணம், திருவிருந்து, கடைசியில் அடக்கம். கத்தோலிக்கத்தில் ஏழு அருட்சாதனங்கள், அதாவது தலையாய புனிதச் சடங்குகள். எங்களைப் போன்ற புராட்டஸ்டன்ட் சபைகளில் அதே பொருளில் சாக்கிரமெந்து என்று சொல்வது ஞானஸ்நானமும் திருவிருந்தும் மட்டும். மற்றவை சபை ஒழுங்குகள். திருவிருந்தில் அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கிற உரிமை அபிஷேகம், அதாவது முறைப்படி குருப்பட்டம், பெற்றவருக்குத்தான். அதனால்தான் ஏழெட்டுக் கிராமத்துக்கு ஒரே போதகர் என்றால் மாதத்துக்கு ஒரு கிராமம் என்று முறை வைத்துத் திருவிருந்து நடக்கும். மற்ற ஞாயிறுகளை உபதேசியார் சமாளிப்பார். இந்த உபதேசியார் என்கிற ஆள் இல்லாமல் தமிழ்நாட்டில் எந்தச் சபையும் நின்றதில்லை. சம்பளம் சொற்பம், பெயர் வெளியில் வராது, மணி அடிப்பதிலிருந்து பாட்டு சொல்லிக்கொடுப்பது வரை அவர்தான். புராட்டஸ்டன்ட் சபையில் முதன்முதலாக ஒரு தமிழர் முறைப்படி போதகராக அபிஷேகம் பெற்றது 1733-ல், தரங்கம்பாடியில். ஆரோன் என்பது அவர் பெயர். அவரும் அதற்கு முன் உபதேசியாராக ஊர் ஊராக நடந்தவர்தான்.

சரி, நடை.

நம் சீமையில் கிறிஸ்தவம் வந்ததே நடையில்தான். சேசு சபைச் சாமியார் அருளானந்தர் (இயற்பெயர் ஜான் தெ பிரித்தோ) மறவர் நாட்டில் கால்நடையாகத் திரிந்தவர். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அவரை வெட்டிக் கொன்றார்கள். 1947-ல் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். தேவகோட்டையில் இருக்கும் தெ பிரித்தோ பள்ளி அவர் பெயரில்தான். பிறகு 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன். அப்புறம் திருப்பத்தூரில் ஆஸ்பத்திரி நடத்திய சுவீடன் மிஷன். செட்டிநாட்டு ஊர்களுக்குள் இருக்கிற சபைகளைப் பார்த்தால் பாதிப்பேர் சுற்றுக் கிராமத்துக்காரர்கள், பாதிப்பேர் வேலை நிமித்தமாக வந்தவர்கள்: ரயில்வே, பேங்க், அழகப்பா கல்லூரிகள், மின்வேதியியல் ஆய்வகம் என்று. இங்கே சொந்தபந்தம் இல்லாதவர்கள். ஒரு நல்லது கெட்டது என்றால் முதல் போன் போதகருக்குத்தான் போகும். உங்களுக்குப் பங்காளிகள் செய்கிற வேலை முக்கால்வாசி எங்களுக்குப் போதகர் தலையில்.

அப்பாவிடம் ஒரு பச்சை நிற ராலி சைக்கிளும் சட்டைப் பையில் அடங்குகிற ஒரு நோட்டும் எப்போதும் இருக்கும். ஒரு வீட்டுக்குப் போய்விட்டு வெளியே வந்ததும், சைக்கிளில் ஏறுவதற்கு முன் ஸ்டாண்டு போட்டபடியே அந்த நோட்டில் எழுதுவார். தேதி, வீட்டுப் பெயர், ஒரு வரி. 'மாடு செத்துவிட்டது.' 'மகன் அரியர் எழுதுகிறான்.' 'அம்மாவும் மருமகளும் பேசுவதில்லை, கேட்கவில்லை.' 'கண் ஆபரேஷன் 14-ம் தேதி.' அடுத்த முறை அந்தத் தெருவில் நுழையும்போது பழைய பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் தட்டுவார். "கண்ணு எப்படி இருக்கு பாட்டி?" என்று அவர் கேட்டால் பாட்டிக்கு ஆச்சரியம், ஐயா எவ்வளவு ஞாபகமா கேட்கிறார் என்று. ஞாபகம் எல்லாம் ஒன்றும் கிடையாது. அப்பாவுக்கு எங்கள் பிறந்தநாளே ஞாபகம் இருக்காது.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது ஒரு ராத்திரி. பதினோரு மணிக்குக் கதவு தட்டினார்கள். புதுவயலில் ரைஸ்மில்லில் மூட்டை தூக்குகிற ஒருவரின் மகன், என் வயதுப் பையன், காய்ச்சலில் இறந்துவிட்டான். அம்மா ஊரில் இல்லாததால் என்னைத் தனியாக விட முடியாமல் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துக்கொண்டு போனார். மில் களத்தை ஒட்டி வரிசை வீடுகள். அவித்த நெல்லின் வாசனை. உள்ளே பெண்கள் அழுகிற சத்தம். அந்த ஆள் மட்டும் களத்து ஓரத்தில் குந்தியிருந்தார். அப்பா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நான் கொஞ்சம் தள்ளி.

அரை மணி நேரம் கழித்து அவர் கேட்டார்: "உங்க சாமி எங்கய்யா போனாரு?"

அப்பா பதில் சொல்லவில்லை. வசனம் சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேசுகிறவர் ஆயிற்றே. சொல்லவில்லை. அந்த ஆள் இரண்டாம் முறை கேட்டார், குரலை உயர்த்தி. அப்போதும் இல்லை. எழுந்து போகவும் இல்லை. நான் களத்திலேயே தூங்கிவிட்டேன். விழித்தபோது விடிகிற நேரம், இரண்டு பேரும் அதே இடத்தில். அந்த ஆள்தான் எழுந்து போய் எங்களுக்கு டீ வாங்கி வந்தார். அதற்குப் பிறகுதான் அப்பா வாயைத் திறந்தார். அதுவும் குழி எங்கே வெட்டுவது, பெட்டிக்கு யாரிடம் சொல்வது என்கிற பேச்சு. வெளியே வந்து நோட்டில் என்ன எழுதினார் என்று பல வருடம் கழித்துப் பார்த்தேன். பையன் பெயர், வயது, பிறகு: 'கேட்டார். தெரியவில்லை.'

பிரசங்கம் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அது தேவைதான். முறையான சபைகளில் ஒவ்வொரு ஞாயிறுக்கும் வேதபாடம் குறித்திருக்கும், போதகர் தனக்குப் பிடித்த வசனத்தையே சுற்றிச் சுற்றி வராமல் இருக்க அது ஒரு கடிவாளம். நல்ல பிரசங்கத்துக்குச் சனிக்கிழமை ராத்திரி தூக்கம் கெடும். ஆனால் வாரம் முழுக்க நடந்தவர் பிரசங்கத்துக்கும் யூடியூபில் கேட்டுக் குறிப்பெடுத்தவர் பிரசங்கத்துக்கும் உள்ள வித்தியாசம் பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது நோட்டு. இது உங்கள் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். கல்யாணத்துக்கு இசைகுடிமானம் என்கிற ஒப்பந்த ஓலை எழுதுவதும், கோவிலில் மாலை வாங்குவதும், கல்யாணமான பிறகு தனிக் குடும்பமாகப் புள்ளி சேர்வதும் உங்களுக்குப் பழக்கம். புள்ளி வரி கட்டுகிற மாதிரி எங்களுக்குச் சபைச் சந்தா. ஒவ்வொரு சபையிலும் மூன்று பதிவேடுகள் இருக்கும்: ஞானஸ்நானம், திருமணம், அடக்கம். போதகர் மாறிப் போனாலும் இவை சபையில்தான் இருக்கும். வெளிநாட்டிலிருந்து பாட்டனாரின் பிறந்த தேதியைத் தேடி வந்தவர்களுக்குக் கரையான் அரித்த பக்கத்தில் ஒரு வரி கிடைத்து, அவர்கள் அங்கேயே உட்கார்ந்து அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

இதில் திருமணப் பதிவேடு மட்டும் வெறும் சபைக் காரியம் இல்லை, அரசாங்கக் காரியமும்கூட. 1872-ம் வருட இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி யார் வேண்டுமானாலும் கல்யாணம் செய்துவைக்க முடியாது. பிஷப்பிடம் முறைப்படி அபிஷேகம் பெற்றவர், அல்லது அரசிடம் உரிமம் வாங்கியவர் போன்ற சிலருக்குத்தான் அதிகாரம். நேரம்கூடப் பொதுவாகக் காலை 6 முதல் மாலை 7 வரைதான், சிறப்பு அனுமதி இருந்தால் தவிர. இரண்டு சாட்சிகள் வேண்டும். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. அதற்கு முன்னால் மூன்று ஞாயிறு ஆலயத்தில் அறிவிப்பு வாசிப்பார்கள்; கத்தோலிக்கர்கள் இதை ஓலை வாசிப்பது என்பார்கள். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் எழுந்து சொல்லலாம். எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான் எழுந்தார். மாப்பிள்ளை தன்னிடம் வாங்கிய கைமாற்றைத் திருப்பித் தரவில்லை என்பது அவருடைய ஆட்சேபணை.

எண்பதுகளில் ஒரு கல்யாணம். பத்திரிகை அடித்தாயிற்று, மண்டபம் பேசியாயிற்று. பெண் வீட்டார் சபையில் செல்வாக்கானவர்கள், ஆலயத்துக்கு ஃபேன் வாங்கிக் கொடுத்தவர்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழை அப்பா கேட்டு வாங்கிப் பார்த்தார். கல்யாணத் தேதியில் பெண்ணுக்குப் பதினெட்டு ஆக இரண்டு மாதம் குறைந்தது. "ரெண்டு மாசம்தானே ஐயா, யாருக்குத் தெரியப் போவுது?" என்றார்கள். அப்பா சான்றிதழை மடித்து அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, "இந்த நோட்டுக்குத் தெரியும்" என்றார். கத்தவும் இல்லை, வசனம் சொல்லவும் இல்லை. அந்தக் குடும்பம் வேறு எங்கோ போய் முடித்துக்கொண்டது. எங்கள் சபைப் பக்கம் நாலு வருடம் வரவில்லை. ஃபேனைக் கழற்றிக் கொண்டு போகாதது ஆச்சரியம். இப்போது 2006-ம் வருடக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி அப்படி நடத்திவைக்கிறவருக்கே இரண்டு வருடம் வரை கடுங்காவலும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும் உண்டு. அதோடு 2009 சட்டப்படி தமிழ்நாட்டில் எந்த மதத் திருமணமானாலும் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். ஆலயச் சான்றிதழ் கையில் இருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது. இதைத் தம்பதிக்கு எடுத்துச் சொல்வதும் போதகர் வேலைதான்.

அடக்கம் அதைவிடச் சங்கடம். சின்ன ஊர்களில் கல்லறைத் தோட்டம் என்பதே நாலு சென்ட், ஐந்து சென்ட். ஒரு முறை இறந்தவருக்கு நாலு வருடச் சந்தா பாக்கி, கட்டினால்தான் இடம் என்று கமிட்டியில் இரண்டு பேர் விறைப்பாக நின்றார்கள். "பாக்கியை என் சம்பளத்தில் பிடிச்சுக்கங்க. குழி வெட்டுறவரை அனுப்புங்க" என்று அப்பா சொன்னார். பிடித்துக்கொண்டார்கள் என்பதுதான் கதையின் கடைசி வரி. அந்த மாதம் வீட்டில் மீன் இல்லை.

பணம் பற்றிப் பொருளாளராக இருந்தவன் பேசாமல் இருக்க முடியாது. உங்கள் வீடுகளில் வருடம் முடிந்தால் ஐந்தொகை (வரவு செலவு, சொத்து கடன் கணக்கு) போட்டுப் பார்ப்பீர்கள் அல்லவா, எங்கள் நிலைமை அதற்குக் கொஞ்சமும் குறையக் கூடாது என்பது என் கட்சி. ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பைகள் பக்கத்து அறைக்கு வரும். மேசையில் கொட்டுவோம். கசங்கிய பத்து ரூபாய் நோட்டுகள், வியர்வையில் நனைந்த இருபது, குழந்தைகள் போட்ட ஒரு ரூபாய்க் காசுகள், உறையில் 'பேத்தி பாஸானதற்கு ஸ்தோத்திரம் 500'. இரண்டு பேர் எண்ண வேண்டும், மூன்றாவது ஆள் எழுத வேண்டும், மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும், மறுநாள் பேங்கில் கட்ட வேண்டும். நான் பார்த்த நல்ல போதகர்கள் அந்த அறைக்குள் வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அறுப்பின் பண்டிகையில் ஏலம் நடக்கும்போதும் அப்படித்தான். ஒரு பூசணிக்காயை ஆயிரம் ரூபாய்க்கு ஏற்றிவிட்டு உற்சாகத்தில் கத்துகிற கூட்டத்தில் போதகர் சிரிக்கலாம், ஏலம் கேட்கலாம், கல்லாவைத் தொடக் கூடாது.

தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன் சபை போன்றவற்றில் போதகருக்குச் சம்பளம் உண்டு. சில வருடத்துக்கு ஒரு முறை மாற்றலும் உண்டு. கத்தோலிக்கச் சாமியார்கள் மணம் செய்துகொள்வதில்லை. ஆயர் நியமிக்கிற பங்குக்கு, அதாவது உள்ளூர்ச் சபைக்கு, போவார்கள். நம் பகுதி 1987 வரை மதுரையோடு இருந்தது, பிறகு சிவகங்கை தனி மறைமாவட்டம் ஆயிற்று. அவர்கள் திருச்சபைச் சட்டப்படி ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு கட்டாயம். சுயாதீன சபைகளில்தான் எனக்குக் கவலை. அங்கே தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக் காணிக்கை, நேராகப் பாஸ்டர் கைக்குப் போகும். அதில் தவறு நடக்கும் என்று நான் சொல்லவில்லை. தகரக் கொட்டகையில் சபை நடத்தி, குடிகாரர்களை வீடு வீடாகப் போய்த் திருப்பி, தன் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் நிற்கிற பாஸ்டர்களையும் இதே காரைக்குடியில் பார்க்கிறேன். மாதத்தில் பத்து நாள் அவர்களுக்கு என்ன வரும் என்றே தெரியாது. ஆனால் கணக்கைச் சபை முன்னால் வாசிக்காத இடத்தில் நல்லவருக்கும் கெட்ட பெயர் வரும். டிரஸ்டாகப் பதிவு, பேங்க் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து, வருடத்துக்கு ஒரு தணிக்கை: இந்த மூன்றும் இல்லை என்றால் நான் காணிக்கை போடுவதற்கு முன் யோசிப்பேன். வெளிநாட்டுப் பணம் வாங்குவதாக இருந்தால் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தில் பதிவு வேண்டும், 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லி ஸ்டேட் பேங்க் கிளையில்தான் அதைப் பெற வேண்டும். 'நண்பர் அனுப்பினார்' என்பதெல்லாம் செல்லாது.

இன்னொரு பொறுப்பு வாயை மூடிக்கொண்டிருப்பது. கத்தோலிக்கத்தில் பாவசங்கீர்த்தனத்தில் (செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற சடங்கில்) கேட்டதைச் சாமியார் எந்தக் காரணத்துக்காகவும் வெளியிடக் கூடாது, அது முத்திரை போட்ட ரகசியம். எங்களிடம் அந்தச் சடங்கு வடிவம் இல்லை என்றாலும், ஒருவர் தனியாக வந்து சொன்னது அடுத்த வாரப் பிரசங்கத்தில் 'ஒரு சகோதரர் என்னிடம்' என்று வந்துவிட்டால் கதை முடிந்தது. சின்ன ஊரில் அந்தச் சகோதரர் யார் என்று ஆலய வாசலைத் தாண்டுவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதே மூச்சில் இதையும் சொல்ல வேண்டும்: ரகசியம் காப்பது வேறு, குற்றத்தை மூடுவது வேறு. ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்திருக்கிறது என்று தெரியவந்தால், 2012-ம் வருட போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டியது எல்லோர் கடமையும். 'சபைக்குக் கெட்ட பெயர் வரும், உள்ளே பேசித் தீர்த்துக்கொள்வோம்' என்று சொல்கிற போதகரை நான் மேய்ப்பன் வரிசையில் சேர்க்க மாட்டேன்.

நோயாளிக்காக ஜெபிப்பதும் அவர் வேலை. யாக்கோபின் நிருபம் 5-ம் அதிகாரமே நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிறது. ஆனால் மாத்திரையை நிறுத்து என்று எவராவது சொன்னால், அவர் எவ்வளவு பெரிய மேடையில் நின்றாலும் சரி, வீட்டுக்குள் விடாதீர்கள். எங்கள் அப்பா ஜெபம் முடித்து ஆமென் சொன்ன கையோடு, "காலைச் சுகர் மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்பார்.

ஊர்ப் பொறுப்பும் உண்டு. உங்களுக்கு நான் சொல்லவே வேண்டியதில்லை, பக்கத்திலேயே குன்றக்குடி இருக்கிறது. 1982-ல் கன்னியாகுமரி மாவட்டத்து மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் கலவரம் வந்தபோது அங்கே சமாதானம் பேசப் போனவர்களில் குன்றக்குடி அடிகளாரும் ஒருவர். மடாதிபதியோ போதகரோ, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அப்படி ஒரு நாள் எழுந்து போக வேண்டி வரும். தாசில்தார் கூட்டுகிற அமைதிக் கூட்டத்தில் ஜமாத் தலைவருக்கும் கோவில் அறங்காவலருக்கும் நடுவில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிடுகிற வேலை என்று அப்பா கிண்டலாகச் சொல்வார். ஆனால் ஒரு கூட்டத்தையும் தவறவிட்டதில்லை.

இதுவரை 'அவர்' என்றே எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். அடுக்களையில் இருந்தும் பார்த்தேன் என்று சொன்னேனே, அது அம்மாவைத்தான். போதகர் மனைவிக்குத் திருநெல்வேலியில் 'ஐயரம்மா' என்று பட்டம் உண்டு, சம்பளம் கிடையாது. பெண்கள் சங்கக் கூட்டம், ஞாயிறு பள்ளி, திடீரென்று வந்து நிற்கிற நாலு பேருக்குச் சாப்பாடு, கணவன் அடித்தான் என்று ராத்திரி ஓடி வந்த பெண்ணுக்குப் பாயும் தலையணையும். அந்தப் பெண்கள் அப்பாவிடம் சொன்னதைவிட அம்மாவிடம் சொன்னதுதான் அதிகம். போதகர் வீடு என்பது வீடே இல்லை, வாசல் தாழ்ப்பாள் போடாத ஒரு சத்திரம். மாற்றல் வந்தால் மூன்றாம் வாரம் சாமானைக் கட்ட வேண்டும். நான் ஐந்து பள்ளிகளில் படித்தேன். அம்மா ஐந்து ஊரிலும் முருங்கை நட்டாள், ஒன்றிலும் காய் பறித்துத் தின்னும்வரை இருந்ததில்லை. இதையெல்லாம் பிள்ளைகள் கசப்பாகவும் எடுத்துக்கொள்ளலாம். என் தம்பி எடுத்துக்கொண்டான்.

உங்கள் ஆபீஸ் பெண்ணுக்கு வருவோம். பெண் ஆகலாமா என்று நீங்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் முகத்தில் இருந்தது. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-ல் உருவானது. அந்தச் சபையில் எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து பெண்கள் போதகர்களாக அபிஷேகம் பெறுகிறார்கள். 2013-ல் ஆந்திராவில் நந்தியால் திருமண்டலத்துக்கு ஒரு பெண்ணே பேராயரானார். கத்தோலிக்கத்தில் இது கிடையாது, பல சுயாதீன சபைகளிலும் இல்லை. படிப்பு என்றால் பொதுவாக இறையியல் இளநிலைப் பட்டம், செராம்பூர் பல்கலைக்கழக முறையில். நம் பக்கத்தில் மதுரை அரசரடியில் 1969 முதல் இருக்கிற தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் படிக்கலாம். எபிரேயம், கிரேக்கம், சபை வரலாறு, மற்ற மதங்கள், ஆற்றுப்படுத்துதல், கிராமப் பணி என்று பல வருடப் படிப்பு. படித்து முடித்ததும் நேராக ஆலயம் கிடைக்காது. உதவியாளராகக் கொஞ்ச காலம், பிறகு உதவிக்குருவாக அபிஷேகம், அப்புறம்தான் முழுப் போதகர்.

அவளுக்குக் கஷ்டம் படிப்பில் வராது. முதல் சபையில் கமிட்டிப் பெரியவர் ஒருவர், "அம்மா நீங்க பாட்டு நடத்துங்க, அடக்கத்துக்கு நாங்க வேற ஐயாவைக் கூப்பிட்டுக்கிறோம்" என்பார். அங்கேதான் வரும். எங்கள் சபைக்கு முதன்முதலாக ஒரு பெண் போதகர் வந்தபோது நானே மனதுக்குள் முணுமுணுத்தவன், அதனால் சொல்கிறேன். இரண்டாம் மாதம் கல்லல் பக்கத்தில் ஒரு சாவு. மழையில் ஆட்டோ போகாத பாதை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சேற்றில் ஒரு கிலோமீட்டர் நடந்து வந்தார். திரும்பி வரும்போது வழியில் நின்று பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து எதையோ எழுதினார். நான் அதற்கு மேல் முணுமுணுக்கவில்லை.

அந்தப் பெண்ணை மதுரைக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். ஞாயிறு மதியம் வேண்டாம், சாயங்காலம் வரட்டும். அப்பாவின் சட்டைப்பை நோட்டுகள் நாற்பத்திரண்டு, ஒரு ஹார்லிக்ஸ் அட்டைப்பெட்டியில் கட்டி வைத்திருக்கிறேன். உயிரோடு இருக்கிறவர்கள் பெயர் வருகிற நோட்டுகளைக் காட்ட மாட்டேன். புதுவயல் நோட்டு காட்டலாம், அந்த ஆளும் போய்ச் சேர்ந்துவிட்டார்.